நார்டிக் நாடுகள் சோசலிச நாடுகளா? வரி விகிதத்தை விட்டுப் பங்குப் பதிவேட்டைப் பார்ப்போம்

எண்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளான ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகியவற்றைச் சோசலிச நாடுகள் என்று எழுதுவோர் வழக்கமாகக் காட்டும் சான்றுகள்: வரி அதிகம், படிப்பும் மருத்துவமும் பொதுச்செலவில், தொழிற்சங்கங்கள் வலிமையானவை. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனம் யாருக்குச் சொந்தம், அதன் உபரி அடுத்து எங்கே முதலீடாகும் என்று முடிவெடுப்பவர் யார், தொழிற்கூடத்துக்குள் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் யாருடையது என்று கேட்டால் இந்தச் சான்றுகளில் விடை இல்லை.

ஸ்வீடனை எடுத்துக்கொள்வோம். வாலன்பெர்க் குடும்பமும் அதன் அறக்கட்டளைகளும் இன்வெஸ்டர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் வழியாக எரிக்சன், அட்லஸ் காப்கோ, எஸ்.இ.பி. வங்கி போன்றவற்றில் பெரும் செல்வாக்கு வைத்திருக்கின்றன. அதற்குக் கருவி இருவகைப் பங்கு முறை. ஏ வகைப் பங்குக்கு ஒரு வாக்கு என்றால் பி வகைக்குப் பத்தில் ஒரு வாக்கு. எரிக்சனில் 2004 வரை அது ஆயிரத்தில் ஒன்று. கொஞ்சம் மூலதனத்தைப் போட்டு முழு நிறுவனத்தையும் கையில் வைத்திருக்க இந்த முறை உதவுகிறது. சமூக ஜனநாயகக் கட்சி 1932 முதல் 1976 வரை, 1936 கோடையில் சில மாதங்கள் தவிர, தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. அப்போதும் இந்த முறை அப்படியே நீடித்தது. 2004 இறுதியில் வாரிசுரிமை வரியை எடுத்ததும் சமூக ஜனநாயக அரசுதான். செல்வ வரியை 2007-ல் வலதுசாரிக் கூட்டணி எடுத்தது.

டென்மார்க்கில் கதை இன்னும் பழையது. 1899-ல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த கதவடைப்புக்குப் பிறகு செப்டம்பர் உடன்படிக்கை கையெழுத்தானது. தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமையை முதலாளிகள் ஏற்றார்கள். பதிலுக்கு, வேலையை நடத்துவதும் பங்கிடுவதும் முதலாளியின் உரிமை என்று தொழிற்சங்கங்கள் ஏற்றன. ஸ்வீடனில் 1906-லும் இதே பேரம். நலஅரசு முழுவதும் இந்த அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது.

டென்மார்க்கின் பிரதமராக இருந்த லார்ஸ் லூக்கே ராஸ்முசென் 2015-ல் ஹார்வர்டில் பேசும்போது, தம் நாடு திட்டமிட்ட சோசலிசப் பொருளாதாரம் அன்று, சந்தைப் பொருளாதாரம் என்றார். அவர் வலதுசாரி என்பதால் அதை மட்டும் சான்றாக எடுக்க வேண்டாம். மேலே சொன்ன உடைமைக் கணக்கே போதும்: இவை முதலாளித்துவ நாடுகள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் விவரத்தோடு எழுதுங்கள்.

செந்நாரை

எண்சுவடி, உடைமையை நீங்கள் ஒற்றைப் பொருளாகப் பார்க்கிறீர்கள். ஸ்வீடன் சோசலிஸ்டுகள் 1920-களிலேயே இதற்கு விடை தேடிவிட்டார்கள். 1920-ல் பிரான்டிங்கின் சமூக ஜனநாயக அரசு நாட்டுடைமையாக்கலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. ரிக்கார்ட் சான்ட்லர் தலைமையில் அது ஆண்டுக்கணக்கில் வேலை செய்தும், பெரிய தொழில்களை நாட்டுடைமையாக்கும் திட்டம் எதுவும் அதிலிருந்து வெளிவரவில்லை. அந்தக் காலத்தில்தான் சமூக ஜனநாயகச் சிந்தனையாளர் நீல்ஸ் கார்லெபி வேறு வழி சொன்னார். உடைமை என்பது உரிமைகளின் கட்டு. விலை வைக்கும் உரிமை, ஆளை நீக்கும் உரிமை, லாபத்தை எடுத்துச் செல்லும் உரிமை, நிலத்தில் கட்டும் உரிமை என ஒவ்வொன்றாகச் சமூகத்தின் பக்கம் மாற்றலாம். பத்திரத்தில் பெயரை மாற்ற வேண்டியதில்லை. சட்ட அறிஞர் ஊஸ்டன் ஊன்டேனும் இந்த வழியில் சிந்தித்தார். 1960-களில் குன்னார் ஆட்லர்-கார்ல்சன் இதற்குச் செயல்வழிச் சோசலிசம் என்று பெயரிட்டார்.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1955-க்குப் பிந்திய முதலீட்டு இருப்பு நிதி முறையைப் பாருங்கள். ஒரு நிறுவனம் ஆண்டு லாபத்தில் 40% வரை வரியில்லாமல் ஒதுக்கலாம். அதில் ஒரு பெரும் பகுதியை நடுவண் வங்கியில் வட்டியில்லாமல் போட வேண்டும். மந்தநிலை வரும்போது அரசு அனுமதித்தால்தான் எடுத்துக் கட்டடமோ இயந்திரமோ வாங்கலாம். பணம் தனியாருடையது, எப்போது முதலீடு செய்வது என்பது அரசின் முடிவு. இதோடு 1985 நவம்பர் வரை நீடித்த வங்கிக் கடன் உச்சவரம்பையும், 1959-ல் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிய துணை ஓய்வூதியத் திட்டத்தின் நிதியங்களையும் சேருங்கள். அந்த நிதியங்கள் வீட்டுவசதிப் பத்திரங்களை வாங்கின. 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்துக்குப் பணம் அந்த வழியாகவும் வந்தது. உங்கள் இரண்டாவது கேள்வி, உபரி எங்கே போகும் என்று தீர்மானிப்பது யார் என்பது. 1955–85 ஸ்வீடனில் அதற்கு விடை பாதிக்கு மேல் அரசுதான்.

கரிசல்

ரெண்டு பேருமே வரியை ஓரமா வச்சுட்டீங்க. ஆனா வெளியில சண்டையே அதுலதான் நடக்குது. பணக்காரன்கிட்ட பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கிறதுதான் நார்டிக் முறைன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரு சம்பளச் சீட்டை யாராவது பிரிச்சுக் காட்டினா நல்லது.

எண்சுவடி

கரிசல், ஸ்வீடனில் மாதம் 40,000 குரோனர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம்.

சீட்டில் தெரியாத பகுதி முதலில். முதலாளி அதன்மேல் 31.42% சமூகக் கட்டணம் கட்டுகிறார்: 12,568 குரோனர். ஆக அவருக்கு ஆளுக்கான செலவு 52,568. அடுத்தது உள்ளூர் வரி. ஊரைப் பொறுத்து மாறும். நகராட்சிக்கும் வட்டாரத்துக்கும் சேர்த்து சராசரி 32% சொச்சம். ஆனால் அடிப்படைக் கழிவும், 2007-ல் வந்த உழைப்பு வருமானக் கழிவும் போன பிறகு இந்தச் சம்பளத்துக்குப் பிடித்தம் சுமார் 8,000 அளவில்தான் வரும். 20% தேசிய வருமான வரி இதைவிடக் கணிசமாக அதிகமான சம்பளத்தில்தான் தொடங்கும். பெரும்பாலான ஊழியர்கள் அதைக் கட்டுவதே இல்லை. மீதியைச் செலவழிக்கும்போது பெரும்பாலான பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரி 25%.

இப்போது மறுபக்கம். நிறுவன லாப வரி 20.6%. டென்மார்க்கிலும் நார்வேயிலும் 22%, பின்லாந்தில் 20%. இவை உலக அளவில் உயர்ந்த விகிதங்கள் அல்ல. நலஅரசைச் சுமப்பது நடுத்தரச் சம்பளக்காரரின் வருமானமும் நுகர்வும்தான். காரணம் எளிது. மூலதனம் எல்லை தாண்டி ஓடும், சம்பளம் ஓடாது. எல்லோரும் கட்டி எல்லோரும் வாங்குவதால்தான் அது அரசியல் ரீதியாக நிலைக்கவும் செய்கிறது.

விகிதத்தைக் கவனமில்லாமல் ஏற்றினால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1976-ல் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லின்ட்கிரேன், தம் கூடுதல் வருமானத்துக்கு வரி 102% வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சுயதொழில் செய்வோர் வருமான வரியோடு முதலாளியின் சமூகக் கட்டணத்தையும் தாங்களே கட்ட வேண்டியிருந்ததால் வந்த சிக்கல் அது. அந்த ஆண்டுத் தேர்தலில் 44 ஆண்டு ஆட்சி போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அணுமின் நிலையச் சர்ச்சை அதில் பெரியது.

அரிவாள்மூக்கன்

வரியைவிடச் சங்கம் முக்கியம். குறைந்தபட்சக் கூலியை எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக நிர்ணயிக்கும் சட்டம் ஐந்து நார்டிக் நாடுகளில் எதிலும் இல்லை. கூலியை முடிவு செய்வது சங்கங்களும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம். ஸ்வீடனில் ஊழியர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் அதன் கீழ் வருகிறார்கள். சங்கத்தில் இருப்போர் பத்தில் ஏழு பேர். நார்வேயில் சங்க உறுப்பினர் பாதி அளவுதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பெரிய காரணம் வேலையின்மைக் காப்பீடு. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றிலும் அதை நடத்துவது சங்கங்களை ஒட்டி வளர்ந்த நிதியங்கள். கெண்ட் முறை என்பார்கள். நார்வே 1938-லேயே அரசுக் காப்பீட்டுக்கு மாறிவிட்டது. காப்பீடு வேண்டும் என்று வருபவர் சங்கத்திலும் சேர்வது வழக்கமானதால் மூன்று நாடுகளில் உறுப்பினர் எண்ணிக்கை உயர்ந்தது. அதை உடைப்பது எவ்வளவு எளிது என்று 2007-ல் தெரிந்தது. ஸ்வீடனின் புதிய அரசு நிதியக் கட்டணத்தை ஏற்றி, அதை அந்தந்தத் தொழிலின் வேலையின்மை விகிதத்தோடு பிணைத்தது. உணவகத் தொழிலாளி அதிகம் கட்ட வேண்டும், பொறியாளர் குறைவாகக் கட்டலாம் என்றானது. சங்க உறுப்பினர் விகிதம் 2006-ல் 77%, 2008-ல் 71%. கட்டண வேறுபாட்டை 2014-ல் எடுத்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை.

இன்னொரு உறுப்பு ஆதரவு வேலைநிறுத்தம். ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் பிற தொழிலின் சங்கங்களும் அதைச் சட்டப்படி முடக்கலாம். 2023 அக்டோபர் 27 அன்று உலோகத் தொழிலாளர் சங்கம் டெஸ்லா பணிமனைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பிறகு துறைமுகத்தில் கார் இறக்க மறுத்தார்கள், மின்பணியாளர்கள் மின்னேற்ற நிலையங்களைப் பழுதுபார்க்க மறுத்தார்கள், அஞ்சல் ஊழியர்கள் வண்டி எண் பலகைகளைப் பட்டுவாடா செய்ய மறுத்தார்கள். அரசு இதில் எந்தப் பக்கமும் இல்லை. சோசலிச அரசு என்று நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே கூலியை நிர்ணயிப்பது இரண்டு தனியார் அமைப்புகள், அரசு வெளியே நிற்கிறது.

செந்நாரை

அரிவாள்மூக்கன் சொன்ன கூலி முறையிலிருந்துதான் ஸ்வீடன் சோசலிசத்தின் வாசல்வரை வந்தது. அந்தத் தொடர்ச்சியைச் சொல்கிறேன்.

1951-ல் எல்.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாட்டில் அதன் பொருளியலாளர்கள் யோஸ்டா ரேனும் ருடோல்ஃப் மெய்ட்னரும் ஒரு திட்டம் வைத்தார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி. நிறுவனம் லாபத்தில் ஓடுகிறதா நட்டத்தில் ஓடுகிறதா என்று பார்க்கக் கூடாது. இதனால் இரண்டு விளைவு. திறன் குறைந்த நிறுவனத்தால் அந்தக் கூலியைத் தாங்க முடியாது, மூடும். போரோஸ் நகரின் நெசவாலைகள் இந்த அழுத்தத்தையும் மலிவு இறக்குமதியையும் ஒரே நேரத்தில் சந்தித்தன. வேலை இழந்தவரை அரசின் தொழிற்சந்தை வாரியம் பயிற்சியும் இடம்பெயரும் படியும் கொடுத்து வளரும் நிறுவனத்துக்கு அனுப்பும். மறுபக்கம், வால்வோ போன்ற திறன் மிக்க நிறுவனம் தன்னால் கொடுக்க முடிந்ததைவிடக் குறைந்த கூலி கொடுக்கிறது. தொழிலாளி விட்டுக்கொடுத்த அந்தத் தொகை பங்குதாரரின் பையில் கூடுதல் லாபமாகச் சேர்கிறது.

கூலிச் சமத்துவம் வளர வளர சொத்துச் சமத்துவம் தேய்ந்தது. இந்த முரணைத் தீர்க்கத்தான் மெய்ட்னர் 1975-ல் ஊழியர் நிதியத் திட்டத்தை எழுதினார். 1976 எல்.ஓ. மாநாடு அதை ஏற்றது. நடுத்தர, பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் லாபத்தில் 20% மதிப்புக்குப் புதிய பங்குகளை வெளியிட்டு நிதியத்துக்கு இலவசமாகத் தர வேண்டும். பணம் நிறுவனத்தை விட்டு வெளியேறாது. பங்கை விற்கவும் முடியாது. நிதியத்தைச் சங்கங்கள் நடத்தும்.

இதைத் தீட்டியவர்கள் ஏதோ ஓரத்துக் குழு அல்ல, நாட்டின் மிகப் பெரிய மக்கள் அமைப்பு. ஆகவே நார்டிக் மாதிரி என்றைக்கும் முதலாளித்துவத்தோடு நிறைவடைந்தது என்று எழுதுவது வரலாற்றைப் பாதியில் நிறுத்துவது.

எண்சுவடி

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இது. இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் எதிர்ப்பு ஏன் அவ்வளவு கடுமையாக வந்தது என்று புரியும்.

நிறுவனத்தின் மூலதனம் 100. ஆண்டு லாபம் 10%, அதாவது 10. அதில் 20% என்றால் 2 மதிப்புக்குப் புதுப் பங்கு. முதல் ஆண்டு முடிவில் மொத்தம் 102, நிதியத்தின் பங்கு 2. ஒவ்வோர் ஆண்டும் பங்கு எண்ணிக்கை 1.02 மடங்காகிறது. பழைய பங்குதாரர்களிடம் மிஞ்சும் பகுதி 1.02-ஐ அத்தனை தடவை பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்த அளவு. 35 ஆண்டில் அந்தப் பெருக்கம் 2-ஐத் தொடுகிறது. நிறுவனத்தில் பாதி நிதியத்துக்கு. லாபம் 15% என்றால் 23–24 ஆண்டு. 20% என்றால் 18 ஆண்டுக்குள். லாபம் கூடக் கூட உடைமை வேகமாகக் கைமாறும். இருவகைப் பங்கு வைத்து இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு தப்பலாம். ஆனால் நாளடைவில் அதுவும் கரையும்.

வரி, முறைப்படுத்தல், சங்கம் எல்லாவற்றோடும் ஒத்துவாழ்ந்த ஸ்வீடன் முதலாளிகள் இதை மட்டும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோமில் பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. உரிமைக் கட்டில் ஒவ்வோர் இழையாக உருவும்போது அவர்கள் பொறுத்தார்கள், அதாவது பேரம் பேசினார்கள். அந்தக் கட்டு முழுவதையும் எடுக்கப்போனபோது பேரம் முடிந்தது. செந்நாரை சொன்ன உரிமைகள் எல்லாம் கடன் கொடுக்கப்பட்டவை, திரும்ப வாங்கப்பட்டவை: முதலீட்டு நிதி முறை போயிற்று, கடன் உச்சவரம்பு போயிற்று. பங்கு மட்டும் அன்றும் இன்றும் அதே கையில் இருக்கிறது.

ஏலேலசிங்கன்

1984-ல் ஊழியர் நிதியங்கள் நிஜமாகவே வந்தனவே? மெய்ட்னர் திட்டம் நடைமுறைக்கு வந்து தோற்றது என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். எது சரி?

செந்நாரை

வந்தது வேறு பொருள், ஏலேலசிங்கன். 1983 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் கட்டாயப் பங்கு வெளியீடு கிடையாது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட லாபத்தில் 20% வரியும் சம்பளப் பட்டியலின்மேல் ஒரு சிறு கட்டணமும் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டு ஐந்து வட்டார நிதியங்கள் பங்குச் சந்தையில் மற்றவர்களைப் போலப் பங்கு வாங்கின. ஒரு நிதியம் ஒரு நிறுவனத்தில் 8% வாக்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பணம் சேர்ப்பது 1990-ல் நிறுத்தப்படும் என்று சட்டத்திலேயே இருந்தது. கடைசியில் சந்தை மதிப்பில் அவற்றின் பங்கு ஒற்றை இலக்க விழுக்காடுதான். 1991-ல் வந்த கார்ல் பில்டின் வலதுசாரி அரசு அவற்றைக் கலைத்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளைகள் இன்றும் இயங்குகின்றன.

மெய்ட்னர் திட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நிதியத்தை நடத்துவது சங்கம் என்றதால் சங்கத்தில் இல்லாதவருக்கும், பங்கு வெளியிடாத பொதுத்துறையில் வேலை செய்த செவிலியருக்கும் ஆசிரியருக்கும் அதில் என்ன இடம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் போனது. தனி ஆளுக்கு ஒரு குரோனர்கூடக் கையில் வராது. மக்களிடம் இதைக் கொண்டுபோன விதம் பலவீனமாக இருந்தது. ஒலோஃப் பால்மேவின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைமை அரைமனதோடு இருந்தது.

அரிவாள்மூக்கன்

அதே 1976-ல் வந்த கூட்டு முடிவெடுப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் முதலாளி சங்கத்தோடு பேச வேண்டும். பேசாமல் செய்தால் இழப்பீடு. ஆனால் பேசி முடித்தும் உடன்பாடு இல்லையென்றால் முடிவு முதலாளியுடையது. நிர்வாகக் குழுவிலும் அப்படியே. குறைந்தது 25 ஊழியர் இருந்தால் ஊழியர் பிரதிநிதிகள் இரண்டு பேர், பெரிய நிறுவனங்களில் மூன்று பேர் உட்காரலாம். ஒருபோதும் பெரும்பான்மை கிடைக்காது. டென்மார்க்கிலும் நார்வேயிலும் மூன்றில் ஒரு பங்கு. கேட்கும் கடமை உண்டு, கேட்டபடி நடக்கும் கடமை இல்லை. எண்சுவடியின் மூன்றாவது கேள்விக்கு விடை 1899-ல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நீர்வழி

எல்லோரும் ஸ்வீடனையே சுற்றுகிறீர்கள். நார்வேக்கு வாருங்கள். அங்கே இந்த வாதம் இவ்வளவு சுலபமாக முடியாது.

எண்ணெய்: அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயில் 1972-ல் தொடங்கியது; இன்று பெயர் எகுவினோர், அரசுக்கு 67%. தனியார் எண்ணெய் நிறுவன லாபத்தின்மேல் சாதாரண வரியும் சிறப்பு வரியும் சேர்ந்து 78%. அதற்கு மேல் 1985 முதல் அரசு எண்ணெய் வயல்களிலேயே நேரடிப் பங்கு வைத்திருக்கிறது. அந்த வயல்களில் செலவிலும் பங்கு போடுகிறது, எண்ணெயிலும் பங்கு எடுக்கிறது. தொலைத்தொடர்பில் டெலினோர், பாதிக்கு மேல் அரசுடையது. டி.என்.பி. வங்கியிலும் ஹைட்ரோ அலுமினியத்திலும் மூன்றில் ஒன்று. நார்வே சட்டப்படி நிறுவன அமைப்பு விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதனால்தான் 34% என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்க அது போதும்.

ஆனால் எல்லாவற்றையும்விட நீர்மின்சாரம்தான் என் சான்று. 1905-ல் நாடு விடுதலை பெற்றதும் அந்நிய முதலாளிகள் அருவிகளை வாங்கிக் குவிக்கிறார்கள் என்ற அச்சத்தில் 1906-லேயே அவசரச் சட்டம் போட்டார்கள். 1909-லும் 1917-லும் அது முழு வடிவம் பெற்றது. தனியாருக்கு உரிமம் அதிகபட்சம் 60 ஆண்டு. கெடு முடிந்ததும் அருவி, அணை, சுரங்கக் குழாய், சுழலி எல்லாம் இழப்பீடு இல்லாமல் அரசுக்குத் திரும்ப வேண்டும். 2007-ல் ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்பின் (எஃப்டா) நீதிமன்றம், பொது நிறுவனங்களுக்குக் காலவரம்பு இல்லாமலும் தனியாருக்கு மட்டும் காலவரம்போடும் இருப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நார்வே என்ன செய்தது? தனியாருக்கான காலவரம்பை நீக்கவில்லை. பெரிய அருவிகளுக்கான புதிய உரிமம், மூன்றில் இரண்டு பங்காவது பொது உடைமையாக உள்ள நிறுவனத்துக்கு மட்டும்தான் என்று 2008-ல் சட்டத்தை இறுக்கியது. நாட்டின் நீர்மின் திறனில் பத்தில் ஒன்பது பங்கு பொதுக் கையில் இருக்கிறது. உற்பத்திச் சாதனம் சமூகத்துக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு மேற்கு ஐரோப்பாவில் இருந்தால் காட்டுங்கள்.

கரிசல்

எண்ணெய் வருமானத்தை அரசு சேர்த்து வைக்கிற எண்ணெய் நிதியையும் சேருங்க நீர்வழி. உலகத்துல பங்குச் சந்தைல பட்டியலிட்ட எல்லா நிறுவனத்துலயும் சராசரியா 1.5% பங்கு நார்வே மக்களோடது. அது சமூக உடைமை இல்லையா?

எண்சுவடி

எண்ணெய் நிதியை நான் ஏற்க மாட்டேன், கரிசல். 1990-ல் சட்டம், 1996-ல் முதல் வரவு. அது நார்வேக்கு வெளியே மட்டும் முதலீடு செய்யலாம். காரணம், உள்ளே கொட்டினால் விலைவாசி ஏறி, குரோனே வலுத்து, ஏற்றுமதித் தொழில் சாகும். எரிவாயு கண்ட நெதர்லாந்துக்கு அது நடந்தது. பொதுவாக ஒரு நிறுவனத்தில் 10% வாக்குக்கு மேல் போகக் கூடாது என்பதும் விதி. அதாவது கட்டுப்படுத்தும் நோக்கமே கிடையாது என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு எதிர்பார்க்கும் உண்மை வருவாயான 3% அளவுக்கு மட்டும் பட்ஜெட்டுக்கு எடுக்கிறார்கள். 2017 வரை அது 4%. உடைமையாளர் ஒரு நாட்டின் மக்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணம் ஒசாகாவிலும் டெக்சாசிலும் வேலை செய்யும் தொழிலாளிக்கு மற்ற மூலதனத்தைப் போலத்தான் மூலதனம்.

எகுவினோரிலும் அரசு பங்குதாரர் கூட்டத்தில் வாக்களிப்பதோடு நிற்கிறது. அன்றாட வணிக முடிவில் அமைச்சர் தலையிடுவதில்லை என்பது அறிவித்த கொள்கை.

நீர்மின்சாரத்தில் உங்களோடு உடன்படுகிறேன், நீர்வழி. அங்கே உடைமை உண்மையிலேயே பொதுவுக்கு வந்தது. ஆனாலும் 1991-ல் நார்வே மின்சந்தையைத் திறந்தது. அதற்குப் பிறகு பொது நிறுவனங்களே ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சந்தை விலைக்கு விற்கின்றன. 2021–22 குளிர்காலத்தில் ஐரோப்பிய விலை ஏறியபோது, சொந்த அருவியின் மின்சாரத்துக்குத் தென்நார்வே மக்கள் பெருந்தொகை கட்டினார்கள். அரசு மானியம் கொடுத்து ஆற்றுப்படுத்தியது. அந்த லாபமும் நகராட்சிகளுக்கும் அரசுக்குமே போனது என்பது வேறு.

ஏலேலசிங்கன்

உடைமையை விட்டு வேறு அளவுகோலும் உண்டே. வாழ்க்கைத் தேவைகள் சந்தையைச் சார்ந்திராமல் கிடைக்கின்றனவா என்று டென்மார்க் சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சன் கேட்டார். வேலை போனாலும், நோய் வந்தாலும், வயதானாலும் கூலியை நம்பாமல் வாழ முடிகிறதா என்று. அந்த அளவில் இந்த நாடுகள் உச்சியில்தானே இருக்கின்றன? நார்வேயிலும் ஸ்வீடனிலும் வேலை செய்வோரில் பத்தில் மூன்று பேர் பொதுத்துறையில் இருக்கிறார்கள்.

அரிவாள்மூக்கன்

உச்சியில் இருந்தன, ஆனால் சரிந்துகொண்டு வருகின்றன. ஸ்வீடன்தான் மிக வேகமாகச் சரிந்தது.

1992-ல் பள்ளிக் கட்டணச் சீட்டு முறை வந்தது. நகராட்சி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொகை ஒதுக்கும். மாணவர் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தொகை கூடவே போகும். பெற்றோரிடம் தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் பள்ளி நடத்தும் நிறுவனம் லாபத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்கலாம். டென்மார்க், நார்வே, பின்லாந்து மூன்றிலும் அரசு உதவி பெறும் பள்ளி லாபம் எடுக்கக் கூடாது. ஸ்வீடனில் பள்ளிக் குழுமங்கள் பங்குச் சந்தையிலேயே இருக்கின்றன. மேல்நிலை மாணவரில் பத்தில் மூன்று பேர் தனியார் நடத்தும் பள்ளிகளில்.

கோளாறு எங்கே வருகிறது? தொகை தலைக்கு நிலையானது என்பதால் லாபம் செலவைக் குறைப்பதிலிருந்துதான் வர முடியும். ஆசிரியர் எண்ணிக்கை, நூலகம், ஆய்வகம் குறையும். மேல்நிலைக்குக் கீழான தனியார் பள்ளிகளில் சேர்க்கை பெரும்பாலும் விண்ணப்பித்த தேதியின் வரிசைப்படி. விவரம் தெரிந்த பெற்றோர் குழந்தை பிறந்த கையோடு பதிகிறார்கள்; புதிதாகக் குடியேறியவர் பிள்ளை வரிசையின் கடைசியில். மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டால் மாணவர் வருவார்கள் என்பதால் மதிப்பெண் வீங்குகிறது. 2013-ல் ஒரு பெரிய பள்ளிக் குழுமம் திவாலாகி ஆயிரக்கணக்கான மாணவர்கள் நடுவில் நின்றார்கள். நகராட்சிகள்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

ஓய்வூதியமும் அப்படியே. பழைய திட்டத்தில் சிறந்த 15 ஆண்டுச் சம்பளத்தை வைத்துத் தொகையை உறுதிசெய்தார்கள். 1999-ல் வந்த புதிய முறையில் வருமானத்தில் 18.5% போகிறது: 16% பெயரளவுக் கணக்கில் (எண்ணாக மட்டும் பதிவாகும் கணக்கு), 2.5% அவரவர் தேர்ந்த நிதியத்தில். வரவு செலவு சமன் குலைந்தால் ஓய்வூதிய உயர்வுக்குத் தானாகத் தடை விழும். 2008 நெருக்கடிக்குப் பிறகு 2010-ல் அந்தத் தடை விழுந்து ஓய்வூதியம் குறைந்தது. நாடாளுமன்றத்தில் யாரும் அதற்காகக் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. பொறுப்பை அரசியலிலிருந்து எடுத்துச் சூத்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். இது எனக்கு ஏற்புடையதல்ல.

செந்நாரை

1990–93 நெருக்கடியைச் சொல்லாமல் இதைச் சொன்னால் விருப்பத்தால் மட்டும் செய்தது போலத் தோன்றும். கடன் உச்சவரம்பை 1985-ல் எடுத்தபின் நிலம், கட்டட விலை வீங்கி உடைந்தது. மூன்று ஆண்டு தொடர்ந்து பொருளாதாரம் சுருங்கியது. 1992 செப்டம்பரில் குரோனரைக் காப்பாற்ற நடுவண் வங்கி ஓரிரவுக் கடன் வட்டியை 500% ஆக்கியது. நவம்பரில் அதையும் கைவிட்டு நாணயத்தை மிதக்க விட்டார்கள். பொதுச்செலவு நாட்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டது. இன்று பாதி அளவில் நிற்கிறது.

என் நிலையைச் சுருக்கமாக வைக்கிறேன். 1955 முதல் 1985 வரை ஸ்வீடன் முதலாளித்துவத்திலிருந்து விலகும் பாதையில் இருந்தது, பிறகு திரும்பியது. இன்றைய ஸ்வீடனைச் சோசலிசம் என்று அழைக்க எனக்கும் காரணம் இல்லை. அந்த முப்பது ஆண்டுகளை வெறும் வரி போட்ட முதலாளித்துவம் என்பதை மட்டும் மறுக்கிறேன்.

கரிசல்

டென்மார்க்கோட வேலைச் சந்தை முறையை நம்ம ஊர்ல பலர் புகழ்றாங்க. ஆளைச் சுலபமா நீக்கலாம், அதனால தொழில் வளருதுன்னு. அது பாதி உண்மைதானே?

அரிவாள்மூக்கன்

பாதி அல்ல, மூன்றில் ஒன்று. நீக்குவது எளிது. அதற்கு ஈடாக, நிதியத்தில் குறைந்தது ஓராண்டு உறுப்பினராக இருந்தவருக்கு முந்தைய சம்பளத்தில் 90% வரை, ஓர் உச்சவரம்புக்குள், இரண்டு ஆண்டு கிடைக்கும். மூன்றாவது கால், நகராட்சி வேலை மையங்கள் நடத்தும் கட்டாயப் பயிற்சியும் சந்திப்பும். உச்சவரம்பு இருப்பதால் குறைந்த சம்பளக்காரருக்குத்தான் 90% கிட்டும். நல்ல சம்பளக்காரருக்குப் பாதிக்கும் கீழே இறங்கும். 2010-ல் காலத்தை நான்கு ஆண்டிலிருந்து இரண்டாக வெட்டினார்கள். நெருக்கடிக்குப் பிறகு பலர் இந்தக் கெடு முடிந்து உதவியே இல்லாமல் விழுந்தார்கள். நீக்கும் உரிமையை மட்டும் இறக்குமதி செய்பவர்கள், மற்ற இரண்டுக்கும் டென்மார்க் செலவிடும் தொகையைப் பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டும்.

நீர்வழி

உடைமைக் கேள்விக்குத் திரும்புகிறேன். நார்வேயிலேயே இரண்டு தொழில்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அருவிகளுக்கு 1909-லேயே திரும்பப் பெறும் விதியை எழுதினார்கள். சால்மன் வளர்ப்புக்கு எழுதவில்லை. கடற்கழிகளில் கூண்டு போடும் உரிமங்களை 2002 வரை பெரும்பாலும் விலையில்லாமல், காலவரம்பில்லாமல் கொடுத்தார்கள். மீன்பிடி ஊர்களைத் தூக்கிவிடத்தான் அப்படிச் செய்தார்கள். பின்னர் உரிமங்களை வாங்கிச் சேர்க்கும் வரம்பைத் தளர்த்தினார்கள். சில பெரிய நிறுவனங்கள் வளர்ந்தன. கடல் பொதுச்சொத்து, அதிலிருந்து வரும் மிகைலாபம் சில குடும்பங்களின் பங்குகளில். 2022 செப்டம்பரில் அரசு அந்த மிகைலாபத்தின்மேல் 40% வளவாடகை வரி என்று அறிவித்ததும் பங்கு விலைகள் ஒரே நாளில் சரிந்தன. நிறுவனங்கள் முதலீட்டை நிறுத்துவதாக அறிவித்தன, கடலோர நகராட்சிகளும் எதிர்த்தன. 2023 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 25%.

அருவியில் அரசு உரிமையாளர், மிகைலாபம் தானாக வருகிறது. கூண்டில் அரசு வரி வாங்குபவர், ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பேரம் பேச வேண்டும். அருவியைச் சோசலிசம் என்றும் கூண்டை முதலாளித்துவம் என்றும் சொல்லத் தயங்க மாட்டேன். இரண்டும் ஒரே நாட்டில் உருவானவை.

எண்சுவடி

இதை ஏற்கிறேன், நீர்வழி. அப்படியானால் நாட்டுக்கு மொத்தமாக ஒரு பெயர் வைப்பதைவிடத் துறைவாரியாகக் கேட்பது சரி. அடுத்து பின்லாந்தின் காடுகளை எடுப்போம். அங்கே காட்டு நிலத்தில் பாதிக்கு மேல் தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். மரத்தை வாங்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான மெட்சா, காட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். அது எந்தப் பக்கம் என்பதற்கு எனக்குத் தெளிவான நிலைப்பாடு உண்டு, ஆனால் முதலில் செந்நாரை எழுதட்டும்.